ஒட்டுக் கட்டிய கை

மார்ச் 6

நான் வேலை பார்க்கும் நெடுஞ்சாலைப் பெரிய கடைக்கு லாரியில் இன்று ரோஜா வந்தது. பத்துப் பத்தாகக் கட்டிய கட்டுகள், மண்ணில்லாத வெறும் வேர், தண்டு முழுக்கப் பச்சை மெழுகு. ஈரம் போகாமலிருக்க மெழுகில் முக்கி எடுக்கிறார்கள். எந்த நாட்டில் பிடுங்கியதோ, எத்தனை நாள் இருட்டில் கிடந்ததோ. வழியில் மழை நனைத்து, ஓர் அடுக்கில் பெயர்ச்சீட்டு எல்லாம் கூழாகிவிட்டது. எது சிவப்பு, எது மஞ்சள் என்று கண்டுபிடிக்க வழியே இல்லை.

எங்கள் பிரிவு மேலாளர் பொக்தான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தான். முப்பது வயது ஆகவில்லை, கையுறை இல்லாமல் மண்ணைத் தொட்டதில்லை.

“எல்லாத்துக்கும் சிவப்புச் சீட்டு ஒட்டிடுங்க லுபிங்காக்கா. சிவப்புதான் போகும்.”

“பூக்காம எப்படிச் சொல்றது?”

“பூத்தா தெரிஞ்சுடும்ல? பிடிக்கலேன்னா ரசீதோட வரட்டும், மாத்திக் குடுப்போம்.”

ஒட்டினேன். அப்பா இருந்திருந்தால் அந்தக் கையை வெட்டியிருப்பார். சம்பளத்துக்கு நிற்கிறவள் வாயை மூடிக்கொண்டு ஒட்ட வேண்டியதுதான்.

மதியம் ஒருத்தி வந்து, “உங்க தம்பி பண்ணையில வாங்கினா பத்து வருஷம் நிக்குது, இங்க வாங்கினா பத்து நாள் தாங்கல” என்று என் முகத்துக்கு நேரே சொன்னாள். சொல்லிவிட்டு வண்டி நிறைய வாங்கிக்கொண்டும் போனாள்.

மார்ச் 11

கதவு திறந்ததும் உள்ளே வந்த முதல் ஆள் திராகிஷா. என் தம்பி. மூன்று தலைமுறையாக நாற்றுப்பண்ணை நடத்தும் வீட்டின் ஒரே மகன். எங்கள் கடையைப் பற்றிப் பேச்செடுத்தாலே தரையில் துப்புகிறவன்.

நான் உரமூட்டை அடுக்குக்குப் பின்னால் இருந்தேன். தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு நேராக ரோஜாவிடம் போனான். சிவப்புச் சீட்டு ஒட்டியதையே பொறுக்கி எட்டுக் கட்டு எடுத்தான். வண்டி சக்கரம் சிக்கிக்கொண்டது. தள்ளிவிட ஆள் தேடித் திரும்பினான், நான் நின்றேன்.

“அக்கா.”

“ம்.”

“ஒரு வாடிக்கைக்காரர் கேட்டாரு. அவருக்குன்னு... அவருக்கு மட்டும்தான்.”

சக்கரத்தில் சிக்கிய கயிற்றை எடுத்துவிட்டேன். வேனில் ஏற்றவும் உதவினேன். நன்றி கூடச் சொல்லவில்லை, பாவம். அவனுக்கு அங்கிருந்து ஓடவேண்டும்.

அந்தச் செடியின் நிறம் எனக்கே தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. வரவில்லையா, வேண்டாம் என்று அடக்கினேனா?

மார்ச் 12

எட்டுக் கட்டு. எண்பது செடி. ஒரே ஒரு வாடிக்கைக்காரர்!

மார்ச் 18

சனிச்சந்தைக்குப் போனேன். போயிருக்கக் கூடாது.

தம்பியின் கடையில் கூட்டம். ஈரச்சாக்கில் வேரைச் சுற்றி, மண்சேற்றில் தோய்த்து, நாணலால் கட்டி வைத்திருக்கிறான். மெழுகு எல்லாம் சுரண்டியாகிவிட்டது. அவன் மனைவி வெரிட்சா பெரிய குரலில் கூவுகிறாள்: “சாவா சிவப்பு! மாமனார் வளத்த ரகம்! நம்ம மண்ணு, வீட்டுக்காரர் கையால கட்டின ஒட்டு!”

நம்ம மண்ணு. இந்த ஊரில் தக்காளிக்கும் முட்டைக்கும் மருமகளுக்கும் அந்த இரண்டு வார்த்தை போதும், வேறு எதையும் கேட்கமாட்டார்கள்.

சாவா என்பது எங்கள் அப்பா. கறுப்போடும் ஒரு சிவப்பு ரோஜாவைப் பிரித்தெடுத்து ஊருக்கே கொடுத்தவர். பத்து வீட்டில் எட்டு வீட்டு வேலியில் அது இருக்கிறது. அவற்றில் ஏறக்குறைய எல்லாமே நான் கட்டிய ஒட்டு. இருபத்தாறு வருஷம் ஆடி வெயிலில் குப்புறப் படுத்து, காட்டு ரோஜாவின் தண்டைக் கீறி, மொட்டைச் செருகி, கட்டு கட்டியவள் நான். சந்தையில் நின்று விற்றவன் அவன். அப்பா செத்ததும் என் பங்கை அவனுக்கு எழுதிக்கொடுத்தேன். தம்பியிடம் பங்கு கேட்கும் அக்காளை இந்த ஊர் காறித் துப்பும். அதையும் யாரும் கேட்காமலே செய்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒன்றே ஒன்று கேட்டேன். பலகையில் “ஒட்டுக் கட்டுபவர்: லுபிங்கா” என்று ஒரு வரி. வெரிட்சா சிரித்தாள். “பேரு எதுக்குக்கா? நாமெல்லாம் ஒரே குடும்பம்தானே?” புதுப்பலகை வந்தது. “திராகிஷா, கைராசிக்காரர்.” அடுத்த மாதம் பெரிய கடையில் சேர்ந்தேன். அன்றிலிருந்து ஊருக்கு நான் காசுக்கு விலைபோனவள்.

நான் கட்டிவைத்துவிட்டு வந்த ஒட்டெல்லாம் போன இலையுதிர்காலத்தோடு விற்றுத் தீர்ந்திருக்க வேண்டும். அப்புறம் அவன் கட்டியது?

மார்ச் 25

கீழ்வீட்டு ஸ்மில்யா இரண்டு செடி வாங்கி வந்து எனக்குக் காட்டினாள்.

“பாத்தியாடி லுபிங்கா, வேரைப் பாரு, தண்டைப் பாரு. உங்க கடையில விக்கிறீங்களே, அதெல்லாம் ஒரு செடியா? இதுல உசுரு இருக்கு.”

“இருக்கு” என்றேன்.

கிளைக் கவட்டில் பச்சை மெழுகு கடுகளவு ஒட்டிக்கொண்டிருந்தது. அது அவள் கண்ணில் படவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது, இரண்டையும் அவள் பார்க்கவில்லை.

எங்கள் பாதிரியார் வூகாஷின் சாமியும் கோயில் நடைபாதையின் இடப்பக்கத்துக்குப் பன்னிரண்டு செடி வாங்கியிருக்கிறாராம். வலப்பக்கத்து வரிசை பத்தொன்பது வருஷத்துக்கு முன் நான் வைத்தது.

ஏப்ரல் 17

ஈஸ்டர் திங்கள். சிவப்பு முட்டை எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனேன். முட்டை மோதும் விளையாட்டில் என்னுடையது அவனுடையதை உடைத்தது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அவனுக்கு முகம் சுண்டிவிட்டது.

கை கழுவப் போகிறமாதிரி கொட்டகைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். போன ஆடியில் அவன் கட்டிய வரிசை. ஐந்நூறு தண்டு இருக்கும். ஒன்றிலும் மொட்டு பிடிக்கவில்லை. எல்லாம் கறுத்துச் சுருங்கிக் கிடக்கின்றன. அத்தனையும் தெற்குப் பக்கம் பார்த்துக் கட்டியிருக்கிறான்! நாள் முழுக்க வெயில் அதன் மேலேயே விழுந்திருக்கும். மொட்டை வடக்குப் பக்கம் வைக்கவேண்டும் என்று அப்பா எங்கள் இருவருக்கும் ஒன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தார். நான் கேட்டேன், அவன் ஆற்றுக்கு ஓடினான்.

பின்னாலேயே வந்துவிட்டான்.

“வறட்சிக்கா. எல்லாருக்கும் போச்சு.”

“வறட்சி தெக்குப் பக்கம் மட்டுமாடா வந்துச்சு?”

“வந்து சாப்பிடு” என்றான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறான். மறைக்கட்டும். ஜூனில் பூக்கும் வரைக்கும்தான்.

மே 30

ஸ்மில்யாவின் செடி பூத்தது. காரட் நிறம். இன்னொன்று இன்னும் மொட்டு, அதன் நுனி வெள்ளையாகத் தெரிகிறது.

“என்னடி இது?” என்று மாடிக்குக் கத்தினாள்.

நான் காய்ந்த துணியை எடுக்க வந்தவளைப்போல உள்ளே போய்விட்டேன்.

ஜூன் 3

கோயில் நடைபாதையைப் பார்க்க ஊரே போய்வந்தது. வலப்பக்கம் அப்பாவின் கறுஞ்சிவப்பு. இடப்பக்கம் ஏழு காரட், மூன்று வெள்ளை, ஒன்று வெளிறிய மஞ்சள், ஒன்று மட்டும் ஏதோ ஒரு சிவப்பு. கல்யாணக் கோஷ்டி ஒன்று படம் எடுக்க வந்து சிரித்துவிட்டுப் போனதாம்.

சந்தையில் தம்பியைச் சூழ்ந்துகொண்டார்கள். ஸ்மில்யாவும் போயிருந்தாள். வந்து படி ஏறி மூச்சு வாங்கக் கூட நிற்காமல் சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு வார்த்தை மாற்றவில்லை.

“உன் தம்பி சொல்றான்: ‘என்னை ஏன் கேக்கறீங்க? ஒட்டு எல்லாம் அக்கா கட்டினது. இருபத்தாறு வருஷமா எங்க வீட்டுல அவதான் கட்டுறா. ரெண்டு வருஷம் முன்ன கடைக்குப் போற போக்குல எந்த மொட்டை எதுல செருகிட்டுப் போனாளோ, அவ மனசுக்குத்தான் தெரியும்.’ ஏண்டி, நெஜமாவா? அத்தனையும் நீயா கட்டுன?”

இருபத்தாறு வருஷம் இந்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன். சந்தை நடுவில், எல்லார் காதும் கேட்க, திராகிஷா வாயாலேயே. ஒட்டு எல்லாம் அக்கா கட்டினது. வந்துவிட்டது! இப்படியா வரவேண்டும்?

பழி ஓரிடம் பாவம் ஓரிடம்.

ஜூன் 4

தூக்கமில்லை. யோசித்து யோசித்துத் தலை வலிக்கிறது.

உண்மையைச் சொன்னால் என்ன சொல்லவேண்டும்? “அது நான் கட்டியதல்ல” என்று சொல்லவேண்டும். என் வாயால் நானே மறுக்கவேண்டும். சும்மா இருந்தால் ஊர் முழுக்க நம்பும், அந்த வீட்டின் கை நான்தான் என்று. கெட்ட கை என்று நம்பும், ஆனால் என் கை என்று நம்பும்.

சிரிக்கிறேன். பைத்தியம் பிடித்ததுபோலச் சிரிக்கிறேன். பொய்க்குள் வைத்துத்தானா என் பெயரை எனக்குத் தரவேண்டும்?

ஜூன் 9

இன்று கடையில் நடந்ததை யாரிடமாவது சொன்னால் நம்பமாட்டார்கள்.

ஒரு அம்மாள் காரட் நிறச் செடியை வேரோடு பிடுங்கி வந்து மாற்றுமேசையில் எறிந்தாள். மண் என் மேலெல்லாம் தெறித்தது. பொக்தான் ஓடிவந்தான்.

“ரசீது இருக்காம்மா?”

“ரசீதா? இது உங்க கடைச் செடி இல்ல. இவ தம்பிகிட்ட வாங்கினது. இந்த மகராசி பொறாமையில மாத்திக் கட்டினது. இவகிட்டயே குடுத்துட்டுப் போகத்தான் வந்தேன்.”

“எங்க செடி இல்லேன்னா எடுத்துக்க மாட்டோம்” என்றான் பொக்தான், சட்டம் பேசுகிற முகத்தோடு.

எங்கள் செடிதான்! மூன்று மாதம் முன்னால் நீ சொல்லி நான் சீட்டு ஒட்டியதுதான்! நாக்கு நுனிவரை வந்தது. மண்ணைத் துடைப்பத்தால் கூட்டி அள்ளினேன்.

ஜூன் 12

திராகிஷா வீட்டுக்கு வந்தான். பண்ணை வீட்டை விட்டு நான் இங்கே குடிவந்த பிறகு இதுதான் முதல் தடவை. ஒரு போத்தல் பிளம் சாராயம் கொண்டுவந்து மேசையில் வைத்தான்.

“கோவமா இருக்கியா?”

“இல்ல, குளுகுளுன்னு இருக்கேன்.”

“அக்கா, நான் என்ன பண்றது? அத்தனை பேர் வந்து நிக்கிறாங்க. கடைச் சரக்குன்னு தெரிஞ்சா நம்ம பண்ணை அன்னிக்கே மூடவேண்டியதுதான். உனக்கு ஒரு பழி, ரெண்டு மாசத்துல மறந்துடுவாங்க. உனக்குக் கடை இருக்கு, சம்பளம் இருக்கு. எனக்குப் பேரு ஒண்ணுதான் இருக்கு.”

“அது யாரோட பேருடா?”

அவனுக்குப் புரியவில்லை. நிஜமாகவே புரியவில்லை. அதுதான் என்னை உடைத்துப் போட்டது. திருடியது என்று தெரிந்து திருடியிருந்தால்கூட மன்னித்திருப்பேன். அவன் தன்னுடையது என்றே நினைத்துக்கொண்டிருக்கிறான்.

“ஆடி வந்தா நீயே வந்து கட்டிக் குடு. எல்லாம் சரியாயிடும். வெரிட்சாவும் ஒண்ணும் சொல்லமாட்டா” என்றான் வாசலில் நின்று.

“பலகையில?”

“அதெல்லாம் எதுக்குக்கா இப்ப?”

போத்தலைத் திருப்பிக் கொடுத்தனுப்பினேன்.

ஜூன் 18

ஞாயிறு. பூசை முடிந்து எல்லோரும் வெளியே வந்து நடைபாதையில் நின்றார்கள். வூகாஷின் சாமி என்னைக் கூப்பிட்டார். கூட்டம் நகரவில்லை. தம்பியும் வெரிட்சாவும் கேட்டருகில் நின்றார்கள்.

“லுபிங்கா, ஊர்ல பேசறாங்க. நான் உன்கிட்டயே கேட்டுடறேன். கோயிலுக்குன்னு தெரிஞ்சும் இப்படிச் செய்வியாம்மா?”

நேற்றுவரை சும்மா இருப்பதாகத்தான் இருந்தேன். அவர் “கோயிலுக்குன்னு தெரிஞ்சும்” என்றதும் அந்த எண்ணம் போய்விட்டது. போய் இடப்பக்க வரிசையில் மண்டியிட்டேன். கிளைக் கவட்டை நகத்தால் சுரண்டி, வந்ததை அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

“இது என்ன சாமி?”

“பச்சையா... மெழுகா?”

“பண்ணைச் செடிக்கு யாரும் மெழுகு பூசமாட்டாங்க. இது நெடுஞ்சாலைக் கடையில வந்தது. வண்டியில ஏத்திவிட்டவ நான். சிவப்புன்னு சீட்டு ஒட்டுன கையும் என் கைதான், நிறம் தெரியாமத்தான் ஒட்டுனேன், அந்தப் பாவம் என்னோடது. ஆனா ஒட்டுக் கட்டினது நான் இல்ல.”

நான் எழுந்து வலப்பக்கம் போனேன்.

“இது பன்னெண்டும் நான் கட்டினது. குனிஞ்சு பாருங்க. பன்னெண்டுலயும் கிளை வடக்குப் பக்கம்தான் கிளம்பும். நாத்தோட வடக்குப் பக்கத்துக்குக் குறி போட்டு, அதே திசையில நடச் சொல்லித்தான் அப்பா எல்லாருக்கும் குடுப்பாரு. உங்க வீட்டு வேலியிலயும் போய்ப் பாருங்க. வடக்குல கிளம்பியிருந்தா அது நான்.”

சாமி குனிந்து பார்த்தார். இன்னும் இரண்டு பேர் குனிந்தார்கள். கேட்டருகில் யாரும் இல்லை. கார் கிளம்பும் சத்தம் மட்டும் கேட்டது.

சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து நகத்தடியில் ஒட்டிய பச்சை மெழுகை ஊசியால் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 26

ரொட்டிக்கடைக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஸ்மில்யா எதிரே வந்தால் சுவரைப் பார்க்கிறாள். அவர்கள் வேலி ரோஜாவெல்லாம் வடக்கு பார்த்துத்தான் நிற்கிறது, எனக்குத் தெரியும், அவர்களுக்கும் இப்போது தெரியும். ஆனால் கூடப்பிறந்தவனைச் சந்தி சிரிக்க வைத்தவள் நான். பொய் விற்றவனுக்கு அனுதாபம், உண்மை சொன்னவளுக்கு வசை.

கடையிலும் பொக்தான் கூப்பிட்டு, சீட்டு விஷயத்தை வெளியே பேசியதற்கு எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தான். கையெழுத்துப் போட்டேன்.

ஆகஸ்ட் 2

இடப்பக்க வரிசைக்குச் செடி வேண்டும் என்று சாமி கேட்டுக்கொண்டார். கல்லறை வேலியோரம் தானாக முளைத்த காட்டு ரோஜாவில் பதினைந்தைத் தேர்ந்து கட்டினேன். பத்தொன்பது வருஷத்துச் செடியிலிருந்து எடுத்த மொட்டு. வெயில் முதுகைப் பிளந்தது. இரண்டு வருஷம் ஆகியும் விரல் மறக்கவில்லை.

ஆகஸ்ட் 19

இலைக்காம்பைத் தொட்டேன், தொட்டதும் உதிர்ந்தது, மொட்டு பிடித்ததற்கு அதுதான் அடையாளம். பதினைந்தில் பதினான்கு பிடித்துவிட்டது. சொல்ல ஆள் இல்லை, எழுதிவைக்கிறேன்.

அக்டோபர் 30

வெரிட்சா தொலைபேசியில் பேசினாள். நாலு மாதத்துக்குப் பிறகு.

“அக்கா, அடுத்த மாசம் நம்ம புனிதர் நாள் வருது. வீட்டுல இவரு மனசு சரியில்ல. நீங்க... இந்த வருஷம் வரவேண்டாம்.”

எங்கள் பக்கம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தலைமுறையாக ஒரு காவல் புனிதர் உண்டு. அவர் நாளுக்கு யாரையும் அழைக்கும் வழக்கம் கிடையாது. கதவு திறந்திருக்கும், வருகிறவர் வரலாம், எதிரி வந்தாலும் நாற்காலி போடவேண்டும். வா என்று சொல்வதே தப்பு. வராதே என்று சொல்லி நான் இதுவரை கேட்டதில்லை. ஐம்பத்துமூன்று வருஷம் அன்று ஏற்றும் மெழுகுவர்த்திக்கு முன்னால் நின்றவள் நான்.

“சரி” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நவம்பர் 5

அண்ணன் தம்பிகள் பிரிந்து தனிக்குடித்தனம் போனால் ஆளுக்கொரு மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். ஒரே புனிதர், இரண்டு வீடு. அக்காள் தம்பி பிரிந்தால் என்ன செய்வார்கள்? சாமியிடம் கேட்டேன். தாடியைத் தடவிக்கொண்டார்.

“ரொட்டி சுட்டு வை. வரேன்” என்றார்.

நவம்பர் 21

ஆறு மணிக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். ரொட்டி நன்றாக எழும்பியிருந்தது. பத்துப் பேருக்குச் சமைத்து, எட்டு நாற்காலி போட்டு, இரண்டு கடன் வாங்கி, கதவைத் திறந்து வைத்தேன்.

சாமி வர மதியம் ஆயிற்று. தம்பி வீட்டை முடித்துவிட்டு வந்தார். அங்கியில் அவர்கள் வீட்டுப் பொரியல் வாசம். ரொட்டியின் ஒரு பக்கத்தை அவர் பிடித்தார். மறுபக்கம் வீட்டுத் தலைவர் பிடிக்கவேண்டும். நான் தயங்கினேன்.

“புடிம்மா. வேற யாரு இருக்கா?”

இருவரும் பிடித்து மூன்று முறை சுற்றினோம். சிலுவையாகக் கீறி ஒயின் ஊற்றினார். பிறகு வேண்டுதலுக்காக வீட்டார் பெயர் எழுதிய சீட்டைக் கேட்டார். வழக்கப்படி எழுதியிருந்தேன். திராகிஷா, வெரிட்சா, லுபிங்கா. கை தன்னால் எழுதிவிட்டது.

அவர் சீட்டைப் பார்த்தார், வாசிக்கவில்லை.

“இவங்க ரெண்டு பேரையும் அங்க வாசிச்சாச்சும்மா.”

“அங்க குடுத்த சீட்டுல என் பேரு இருந்துச்சா சாமி?”

அவர் மேசையில் வழிந்த ஒயினைத் துடைத்தார்.

“இல்லம்மா.”

பென்சில் எடுத்து முதல் இரண்டையும் அடித்தேன். முதல் பெயரை அடிக்கும்போது கை நின்றது. பிறகு அடித்தேன். அவர் வாங்கி உரக்க வாசித்தார்: “லுபிங்கா.” ஒரே பெயர்தான். வாசித்து முடிக்க ஒரு விநாடி கூட ஆகவில்லை.

அவர் போன பிறகு மூன்று மணிவரை யாரும் வரவில்லை. நாலு மணிக்கு ஸ்மில்யா காப்பிப்பொட்டலத்தோடு வந்து உட்கார்ந்தாள். இறைச்சி கொஞ்சம் வேகவில்லை என்றாள். இரண்டு தட்டு சாப்பிட்டாள். மீதியைப் பிரித்து மூடி வைத்திருக்கிறேன், நாளை கடையில் எனக்குக் காலை முறை.